ஐந்து லட்சம் இடுப்பளவுகள்

பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து லட்சம் பேர் தாங்களாகவே முன்வந்து 22 மையங்களில் உடம்பை அளக்கக் கொடுத்தார்கள். ‘யுகே பயோபேங்க்’ எனும் அந்த ஆய்வைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மரபணுவும் எம்.ஆர்.ஐ. படங்களும்தான் அடிபடுகின்றன, இஞ்ச் டேப்பையும் எடை மெஷினையும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த ஆய்வில் மிக மலிவாகக் கிடைத்த தகவல்தான் மிகவும் நம்பத்தக்கவற்றுள் ஒன்று என்பேன். அதற்குக் காரணம் கருவியின் நுட்பமல்ல, எல்லாரையும் ஒரே மாதிரி அளந்த பிடிவாதம்.

இடுப்பளவையே பார்ப்போம். டேப்பை எங்கே வைப்பது? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயோபேங்கில், இடுப்பு இயல்பாக ஒடுங்கும் இடத்தில் அளந்தார்கள். ஒடுக்கமே தெரியாதவர்களுக்குத் தொப்புள் மட்டத்தில். இதில் எது சரி என்ற வாதம் ஓயாது. ஆனால் ஆளுக்கு ஓரிடத்தில் அளந்துவிட்டால், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் உடம்பால் வந்ததா டேப்பால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரத்த அழுத்தத்தைத் தானியங்கிக் கருவியில் இரண்டு முறை பார்த்ததும் இதனால்தான். முதல் அளவு பெரும்பாலும் கொஞ்சம் ஏறியே இருக்கும். மனிதர் கண்ணால் பார்த்து எழுதினாலோ பூஜ்யத்தில் முடியும் எண்கள் பெருகிவிடும். இவ்வளவு பாடு எதற்கு, அவர்களையே கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்றால், கேட்ட இடத்திலெல்லாம் உயரம் சற்றுக் கூடுகிறது, எடை சற்றுக் குறைகிறது.

கைப்பிடி வலிமையை அளப்பது இன்னும் எளிது. நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை வைத்து, கருவியை மூன்று விநாடி முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரிடம் நடந்த ‘ப்யூர்’ ஆய்வு 2015இல் வெளியானபோது, பிடி 5 கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. மரணத்தை முன்னறிவதில் இரத்த அழுத்தத்தையும் அது மிஞ்சியது. 2018இல் பயோபேங்க் தரவும் ஏறக்குறைய அதையே சொன்னது: ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 20 சதவீதம். நோயாளியின் கை தளர்ந்திருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆரம்ப ஆண்டுகளில் நேர்ந்த மரணங்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் பார்ப்பது இந்தச் சந்தேகத்தால்தான். அதன் பிறகும் பிடி ஓர் அறிகுறியே. காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. கடையில் ஸ்பிரிங் வாங்கி அழுத்தினால் ஆயுள் நீளும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், வந்தவர்கள் யார் என்பது. அழைப்புப் பெற்ற 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 5.5 சதவீதம்தான் வந்தார்கள். பொதுமக்களைவிட வசதியானவர்கள், புகைப்பழக்கம் குறைந்தவர்கள். 70-74 வயதில் அவர்களில் ஆண்களின் இறப்பு விகிதம் நாட்டு அளவைவிட 46 சதவீதமும், பெண்களுடையது 56 சதவீதமும் குறைவு. ஆக, பிரிட்டனில் எத்தனை பேருக்குத் தொந்தி என்று இந்த ஆய்வைக் கேட்கக் கூடாது. பெருத்த இடுப்பும் சிறுத்த இடுப்பும் போதிய எண்ணிக்கையில் இருந்தால் எதற்கு எந்த நோய் தொடர்கிறது என்று ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டிலும் சாய்வு அறவே இராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறுவேறு நாடுகளில் வேறுவேறு மக்களை அளந்த ப்யூரும் அதே திசையைக் காட்டுவது சும்மா தள்ளிவிடக்கூடியதல்ல.

நம்மை நேராகத் தொடும் கணக்கும் பயோபேங்கில் உண்டு. வெள்ளையரில் பி.எம்.ஐ. 30இல் காணும் அளவுக்குச் சர்க்கரை நோய், தெற்காசியரில் சுமார் 22இலேயே காணப்பட்டது. இரு சாராரையும் ஏற்றி நிறுத்தியது ஒரே வகை எடை மெஷின்தான் என்பதால் பழியைக் கருவிமேல் போட வழியில்லை. ஆனால் அந்த 22ஐ அப்படியே மதுரைக்குக் கொண்டுவரவும் முடியாது: பங்கேற்றவர்களில் சுமார் 95 சதவீதம் வெள்ளையர், மிச்சமுள்ள சிறு பங்கில் ஒரு பகுதியே தெற்காசியர், அவர்களும் பிரிட்டனில் வாழ்பவர்கள்.