சிப்பந்தி நின்றால் சர்வர் சாவி என்னாவது?

கடையில் ஒருவர் வேலையை விட்டு நின்றால், அன்று மாலையே கிடங்குச் சாவியை வாங்கிக் கொள்கிறோம். பில் போடும் கணிப்பொறியின் பாஸ்வேர்டோ அவருடனேயே போய்விடுகிறது. கொள்முதல் விலை, பற்று வரவு, வாடிக்கைக்காரர் பாக்கி எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

கடை சர்வர் லினக்ஸில் இயங்கினால் இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைகள் அதிலேயே உள்ளன. 'ரூட்' எனும் தலைமை அதிகாரம் உடையவர் இவற்றை இயக்கலாம்.

முதலாவது, ஆளுக்கொரு கணக்கு. 'யூசர்ஆட்' கட்டளை இதை உருவாக்கும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், ஒருவர் நின்றாலும் அனைவருக்கும் மாற்ற வேண்டிவரும். தவறு செய்தவர் யாரென்றும் தெரியாது.

இரண்டாவது, விலகியவரின் கணக்கு. பாஸ்வேர்டை மட்டும் பூட்டினால் போதாது. வீட்டிலிருந்து நுழைய 'எஸ்எஸ்எச்' சாவிக் கோப்பு வைத்திருந்தால், அந்த வழி திறந்தே இருக்கும். ஆகவே 'யூசர்மாட்' கட்டளையால் கணக்கின் காலாவதி நாளை, கடந்துபோன ஒரு தேதியாகக் குறிக்க வேண்டும். அப்போது இரு வழியும் அடைபடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை இது வெளியேற்றாது. 'ஹூ' கட்டளையால் பார்த்து, இருந்தால் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கணக்கை உடனே அழிக்க வேண்டாம். எந்தக் கோப்பு யாருடையது என்பது பின்னால் தெரிய வேண்டும்.

மூன்றாவது, அவர் அறிந்திருந்த பிற பாஸ்வேர்டுகள். 'ரூட்' பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். மற்றவருடைய பாஸ்வேர்டு தெரிந்திருக்கும் என்று ஐயம் எழுந்தால், 'சேஜ்' கட்டளையில் கடைசியாக மாற்றிய நாளைப் பூஜ்யம் என்று குறிக்கலாம். அடுத்த முறை பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்போது, புதியதை அமைத்த பிறகே வேலையைத் தொடர முடியும்.

மாதந்தோறும் மாற்றச் சொன்னால் என்ன? பழைய சொல்லின் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண் சேர்ப்பதே பலரின் வழக்கம். காரணமின்றிக் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்றே அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான 'நிஸ்ட்' 2017-இல் அறிவுறுத்தியது.

கணக்குத் தீர்த்துச் சம்பளம் கொடுக்கும் நாளில், கிடங்குச் சாவியோடு சர்வர் கணக்கையும் சரிபார்த்து நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பது நலம்.