குறி சுடுதலும் சமன்செய் புள்ளியும்

துரோணர் தம் மாணாக்கரைச் சோதிக்க மரக்கிளையில் வைத்த பறவை ஒன்றே. அருச்சுனனுக்கு எத்துணைத் தூரமோ வீமனுக்கும் அத்துணைத் தூரமே. துப்பாக்கிக் கழகங்களிலோ வல்லாரும் புதியவரும் ஒருங்கு நின்று சுடுவர். வெல்லுபவர் இன்னாரென முன்னரே தெரிந்த போட்டிக்கு அடுத்த ஆண்டு எவரும் வாரார். இக்குறையை நீக்க எழுந்ததே 'ஹண்டிகப்' எனும் முறை. குதிரைப் பந்தயத்திலும் கோல்பிலும் வழங்கும் இதனை ஈண்டுச் சமன்செய் முறை என்போம்.

ஊவாவிற்குத் துப்பாக்கி புதிதன்று. 1900 இல் போவர் யுத்தக் கைதிகள் அடைக்கப்பட்ட தியத்தலாவை பின்னர் இராணுவப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. அதே 1900 இல் அமைந்து 1949 இற் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது; கொழுந்து பறித்தவரின் மக்கட்கு அங்கே இடமில்லை. கோட்டிற்கு வரவிடப்படாதவர்க்கு எச்சமன்செய் முறையாலும் பயனில்லையன்றோ!

இனிக் கணக்கைப் பார்ப்போம். பத்து வேட்டு, வேட்டொன்றுக்கு உயர்ந்த அளவு பத்துப் புள்ளி, ஆக 100. ஒருவரின் சராசரி 94, மற்றவரின் சராசரி 82 என்க. நூற்றிற்குக் குறைந்த தொகை முறையே 6, 18. இன்றைய போட்டியில் முன்னவர் 95 உம் பின்னவர் 86 உம் எடுக்கின்றனர். குறைந்த தொகையை முழுமையாகக் கூட்டினால் 101, 104, பின்னவர் வென்றார். பாதியைக் கூட்டினால் 98, 95, முன்னவர் வென்றார். தாளில் விழுந்த துளைகள் அவையே; மாறியது ஒரு பின்னம் மாத்திரமே.

முழுத்தொகையும் கொடுப்பதே நீதி எனத் தோன்றும். ஆயின் 94 உடையார் எவ்வளவு திறமாகச் சுட்டாலும் தம் சராசரியை 6 புள்ளிக்கு மேல் விஞ்ச இயலாது. 82 உடையார்க்கோ 18 புள்ளி வெளியுண்டு. அன்றியும் புதிதாகப் பழகுவோரின் புள்ளி நாளுக்கு நாள் பெரிதும் ஏறியிறங்கும். அவர்க்கு ஒருநாள் நன்கு வாய்த்துவிட்டால் வல்லவரால் எட்டுதல் அரிது. ஆதலின் ஒரு பங்கை மட்டும் கொடுப்பதே பொருத்தமென்பது என் துணிபு.

களிமண் தட்டுக்களை வானில் எறிந்து சுடும் அமெரிக்கப் போட்டிகளில் புள்ளியைக் கூட்டாது நிற்குமிடத்தை மாற்றுவர். எறிபொறிக்குப் பின்னே 16 யார் பொதுவிடம். வென்று வருவோர் படிப்படியாக 27 யார் வரை பின்தள்ளப்படுவர். தூரங் கூடுந்தோறும் சிதறுகுண்டுகள் பரந்து ஐதாகும். தட்டும் பறந்து அகலும்.

இவையனைத்திற்கும் அடிப்படை சராசரியே. ஒருவர் சிறு போட்டிகளில் வேண்டுமென்றே குறிதவறித் தம் சராசரியைத் தாழ்த்திவிட்டுப் பரிசுப்போட்டியில் மட்டும் திறமையைக் காட்டுவாராயின் முறை முழுதும் பாழ். எனவே அண்மைக்காலப் புள்ளிகளைக் கொண்டு சராசரியை அடிக்கடி திருத்துதல் வேண்டும். கூட்டாத புள்ளிக்கெனத் தனிப் பரிசொன்றும் வேண்டும்.

சராசரி பற்றிய இவ்வழக்கு மாணாக்கர்க்கு அயலானதன்று. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் வழங்கும் இசட் புள்ளியும் பாடத்தின் சராசரியிலிருந்தே கணிக்கப்படுகின்றது; அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. பதுளை கல்வியிற் பின்தங்கியதாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் ஒன்றாதலின் நமக்கு அதனாற் பயனுண்டு. ஆனாற் சுடுகழகத்திற் சமன்செய் புள்ளி ஆளுக்கு ஆள் கணிக்கப்படும். இங்கோ மாவட்டம் முழுவதற்கும் ஒன்று. ஆய்கூடமும் விஞ்ஞான ஆசிரியரும் நிறைந்த நகரக் கல்லூரியிற் பயின்றவரும், பசறைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பல கல் நடந்து பாடசாலைக்கு வந்தவரும் ஒரே கோட்டில் நின்றே சுடுகின்றனர்.