ஒரு தொகுதி, இரண்டு வழக்குகள், பாதிச் செய்தி

2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் தனித் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தமிழ்நாட்டின் இரு பெரிய கட்சிகளையும் தொட்ட இரண்டு ஊழல் வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தன. தி.மு.க.வைச் சேர்ந்த ஆ. இராசா மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர்தான் இரத்து செய்திருந்தது. அ.தி.மு.க.வைச் சேர்ந்த முதலமைச்சர் ஜெயலலிதாவோ, 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், முந்தைய அக்டோபரிலும் நவம்பரிலும் பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நேரில் நின்று விடையளித்திருந்தார். வாக்காளர் இரண்டையும் ஒருசேர எடைபோட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே திரையில் ஒரே அளவில் அவர் வீட்டுக்கு வந்து சேரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது.

1999இல் தொடங்கிய ஜெயா தொலைக்காட்சி அ.தி.மு.க.வின் குரலாகவும், 2007இல் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க.வின் குரலாகவும், 2010இல் தொடங்கிய கேப்டன் தொலைக்காட்சி தே.மு.தி.க.வின் குரலாகவும் இயங்கின. இத்தகைய ஊடகங்களின் சார்பு பெரும்பாலும் பொய்யில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பினர் நீதிமன்றப் படியேறுவது தலைப்புச் செய்தியாகிறது. தம் தலைவர் ஏறுவது செய்தியிலிருந்தே மறைகிறது, அல்லது பழிவாங்கும் நடவடிக்கை என்ற சொல்லோடு மட்டும் வெளிவருகிறது. சொல்லப்படும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்போதே கேட்பவர் தவறாக அறிந்துகொள்கிறார் என்பதுதான் இதன் கொடுமை.

இராசா மீதான அலைக்கற்றை வழக்கு இதை நன்கு காட்டும். அலைக்கற்றை என்பது கைப்பேசிச் சேவைக்காக நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்கும் வானொலி அலைவரிசைத் தொகுதி. அதை 2008இல் ஏலம் விடாமல், 2001ஆம் ஆண்டு விலையிலேயே, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கொடுத்ததால் அரசுக்கு 1,76,645 கோடி ரூபாய் வரை வருவாய் போயிருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இது அனுமான இழப்பு, அதாவது வேறு முறையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகை. யாரும் கையில் வாங்கிய இலஞ்சம் அன்று. அதே அறிக்கையில் 57,666 கோடியில் தொடங்கி வேறு மதிப்பீடுகளும் இருந்தன. மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர்ச் சொன்ன தொகை 30,984 கோடி. ஆயினும் மேடைகளிலும் செய்திகளிலும் நிலைத்தது ஆகப் பெரிய எண் மட்டுமே. அதுவும் இழப்பு என்ற பெயரை இழந்து, கொள்ளையடித்த பணம் என்ற பொருளில் நிலைத்தது.

இவ்வழக்கில் ஓர் ஊடகமே விசாரணைப் பொருளாயிற்று. உரிமம் பெற்ற நிறுவனமொன்றோடு தொடர்புடைய குழுமத்திலிருந்து கலைஞர் தொலைக்காட்சிக்குச் சென்ற 200 கோடி ரூபாய் இலஞ்சம் என்றது அரசுத் தரப்பு. வட்டியோடு திருப்பிக் கொடுத்த கடன் என்றது எதிர்த்தரப்பு. அத்தொலைக்காட்சியின் பங்குதாரராக இருந்த தி.மு.க.வின் கனிமொழி 2011 மே மாதம் கைதானார். தன்னைப் பற்றிய வழக்கைத் தானே செய்தியாக்க வேண்டிய நிலையில் இருக்கும் நிறுவனத்திடம் நடுநிலையை எப்படி எதிர்பார்ப்பது?

2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்ற நீதிபதி ஓ.பி. சைனி, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி இராசா, கனிமொழி இருவரையும் உள்ளிட்ட அனைவரையும் விடுவித்ததோடு, வதந்தியும் ஊகமும் உருவாக்கிய பொதுக் கருத்தையே எல்லோரும் பின்பற்றினர் என்றும் தீர்ப்பில் குறிப்பிட்டார். உரிமங்கள் வழங்கிய முறை சட்டத்துக்குப் புறம்பானது என்ற 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனால் பொய்த்துவிடவில்லை. முறைகேடான ஒதுக்கீடு வேறு, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட இலஞ்சம் வேறு. ஒரு தரப்பு முதல் தீர்ப்பையும் மறுதரப்பு இரண்டாம் தீர்ப்பையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்க, இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை பொதுமக்கள் தலையில் விழுந்தது.

சொத்துக் குவிப்பு வழக்கிலும் இதே கதைதான். 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை, 2017 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மீட்டது என மூன்று திருப்பங்களில் எது ‘இறுதி உண்மை’ என்பது, ஒருவர் எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்தார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போக, அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரே சிறை சென்றனர்.

கட்சி சாராத ஏடுகளுக்கு வேறு நெருக்கடி இருந்தது. முதலமைச்சர் அல்லது அமைச்சரின் சார்பில் அரசு வழக்கறிஞரே அவதூறு வழக்குத் தொடரச் சட்டம் இடமளிப்பதால், வழக்காடும் செலவை அரசுக் கருவூலம் ஏற்க, செய்தியாளரோ தம் செலவில் வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டியிருந்தது. 2011க்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் இவ்வாறு இருநூறுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டதை உச்ச நீதிமன்றமே 2016இல் கண்டித்தது. ஊடகத்தினர் மீதான அத்தகைய வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் இரத்து செய்தது.

2012 சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் முத்துச்செல்வி 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். அலைக்கற்றை வழக்கின் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மத்தியப் புலனாய்வுத் துறை செய்த மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது 2024 மார்ச் மாதத்தில். அதற்குள் சங்கரன்கோவில் வாக்காளர்கள் இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் இரண்டு மக்களவைத் தேர்தல்களிலும் வாக்களித்து முடித்திருந்தனர்.