முப்பத்தெட்டாம் அகலக்கோடு

பூகோள உருண்டையைச் சுழற்றிப் பார்க்கும் மாணவனொருவன், அதன்மேல் கிழக்கு மேற்காக வளைந்து செல்லும் கோடுகளைக் கண்டு, ‘இவை நிலத்திலும் உண்டோ?’ என்று வினவுவானாயின், இல்லை என்றே விடை கூறல் வேண்டும். எனினும் அவற்றுட் சிலவற்றைச் சூரியனே வரைந்தான் என்னலாம். பூமியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருத்தலினாலே, யூன் மாதத்திற் சூரியன் உச்சியில் நிற்கும் வட எல்லை கடகக்கோடாயிற்று. திசெம்பரில் அவன் எய்தும் தென் எல்லை மகரக்கோடாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே, வடக்கு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் நடுவில் நமது இலங்கை கிடக்கின்றது. அதனாலன்றோ ஏப்பிரில் மாதத்தில் ஒருமுறையும், ஓகஸ்ட் இறுதியை அடுத்து மற்றொரு முறையும், நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே ஒடுங்கக் காண்கின்றோம்! 66½ பாகை வட்டங்களுக்கு அப்பாலோ, ஆண்டில் ஒரு நாளேனும் சூரியன் மறையாது.

மத்திய கோடு நீங்கலாக, ஏனைய அகலக்கோடுகளுக்கு இயற்கையில் இத்தகைய பொருள் யாதுமில்லை. இடத்தை அறிதற்பொருட்டு மனிதன் எண்ணிட்டு வைத்தவை அவை. அவற்றுள் ஒன்று ஒரு நாட்டையே பிளந்த வரலாறு கேட்டற்குரியது.

1910 ஆம் ஆண்டு முதல் கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்தது. 1945 ஓகஸ்டில் யப்பான் சரணடையும் தறுவாயில், சோவியத்துப் படைகள் வடக்கிலிருந்து கொரியாவினுட் புகுந்தன. யப்பானியப் படைகளின் சரணை எவ்வெல்லைவரை யார் ஏற்பது? ஓகஸ்ட் 10 ஆந் திகதி நள்ளிரவை அடுத்து, வாசிங்டனில் சாள்ஸ் பொன்ஸ்ரீல், டீன் றஸ்க் என்னும் இரு படை அதிகாரிகளிடம் இவ்வினா ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட அவகாசம் அரைமணி நேரம். கையிலிருந்ததோ ஒரு சஞ்சிகை வெளியிட்ட தேசப்படம். தலைநகராகிய சியோல் அமெரிக்கப் பகுதியில் அடங்கவேண்டும் என்று கருதி, 38 ஆம் அகலக்கோட்டை அவர்கள் காட்டினர். சோவியத்து அரசும் மறுப்பின்றி ஏற்றது. கொரிய மக்களை ஒருவரும் கேட்டிலர்.

மலையையும் ஆற்றையும் தழுவி வளைந்து செல்லும் எல்லையன்று அது. 12 ஆறுகளையும் 75க்கு மேற்பட்ட ஓடைகளையும் 6 இருப்புப்பாதைகளையும் குறுக்கே வெட்டிற்று. மேற்கேயுள்ள ஒங்சின் குடாநாடு, தெற்கிற்குரியதாயினும் தரைவழியே தெற்குடன் தொடர்பற்றுத் தனித்தது. தற்காலிகமாக இட்ட கோடு நிலைத்துவிட, 1948 இல் இரு அரசுகள் தோன்றின. 1950 யூன் 25 இல் வடபடை கோட்டைக் கடந்தது. மூன்றாண்டுகள் போர் நடந்தது.

1953 யூலை 27 இற் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, படைகள் நின்ற இடமே புதிய எல்லையாயிற்று. அது அகலக்கோட்டைச் சாய்வாக வெட்டிச் செல்கின்றது. ஆதலின், முன்னர்த் தெற்கிலிருந்த கேசொங் நகரம் வடக்கிற்கும், வடக்கிலிருந்த சொக்சோ தெற்கிற்கும் ஆயின. வீடு பெயராதிருக்க, நாடு பெயர்ந்தது.

பிரிந்த உறவினர் எத்தனையோ பேர். 1983 இல் தென்கொரியத் தொலைக்காட்சி 138 நாட்கள் அவர்களைத் தேடி ஒலிபரப்பியது. தெற்கினுள்ளேயே சிதறிக்கிடந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதனால் ஒன்றுகூடின. வடக்கிலுள்ளாரைக் காண்பதோ அரசுகளின் இணக்கத்தைப் பொறுத்தது. 2018 ஓகஸ்டில் கும்காங் மலையடியிலே தாயும் மகனும் 65 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிவின் பின் சந்தித்தனர்; மூன்று நாட்கள் கழிந்ததும், மகன் வடக்கேயும் தாய் தெற்கேயும் திரும்பினர்.