பெருமந்தக் காலத் தாமிரபரணி: கடன் நிவாரணம் யாருக்கு வந்தது?

1938-இல் சென்னை மாகாணத்தின் காங்கிரஸ் அமைச்சரவை, இராஜாஜியின் தலைமையில், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களின்மீது 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அச்சட்டம் ரத்து செய்தது. பெருமந்தத்தில் நொடித்துப்போன உழவரை மீட்ட சட்டம் என்று அது இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் அதன் 'விவசாயி' என்னும் வரையறையைப் படித்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் விற்கத்தக்க உரிமை உடையவர், ஜமீன் நிலத்தில் குடியுரிமை பெற்றவர் போன்றோரே விவசாயிகள். சேற்றில் இறங்கி நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் சட்டத்தின் கண்ணில் விவசாயிகள் அல்லர்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த வரையறை ஏறக்குறைய ஒரு சாதிக்கோடாகவே அமைந்தது. ஏழு பழைய அணைக்கட்டுகளும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் நீர் பாய்ச்சிய நன்செய் நிலங்கள் பெரும்பாலும் பிராமணர், வேளாளர், கோயில்கள், மடங்கள் ஆகியோர் வசம் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் பெரும்பாலும் பள்ளர்கள் (இன்று தேவேந்திரகுல வேளாளர்), பறையர்கள். பண்ணையாளாக இருந்தவருக்கு நிலத்தில் விற்கத்தக்க உரிமை எங்கிருந்து வரும்? அவர் குடியிருந்த மனைகூடப் பல இடங்களில் மிராசுதாருடையது.

1929-க்குப் பிறகு நெல்விலை சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த மலிவு அரிசி விலையை மேலும் அழுத்தியது. நிலவரியோ பணத்தில் நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் கைகளை இறுக்கிக்கொண்டனர். 1931-இல் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. நிலமுடைய குடும்பங்கள் நகைகளை விற்று வரி கட்டின. இந்தியாவிலிருந்து தங்கம் பெருமளவில் வெளியேறிய காலம் அது. விற்க நகை இருந்தவரின் துயரம் ஏற்றுமதிக் கணக்கிலாவது பதிவாயிற்று.

கூலி நெல்லாகவே அளக்கப்பட்டதால் உழைப்பாளரை மந்தம் தொடவில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. பாதி உண்மை. மரக்கால் அளவு மாறாவிட்டாலும், அந்த நெல்லை விற்றுத் துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கவேண்டியவருக்குக் கையில் கிடைத்த காசு பாதியாகிவிட்டது. இதைவிட முக்கியமானது வேறொன்று. நெருக்கடி வந்தால் தப்பிச் செல்வதற்கு அதுவரை கடல் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களும் எவ்வளவு கொடுமையானவையாக இருந்தாலும், ஊர்ப் பண்ணையிலிருந்து விலகும் வழியாகவும் இருந்தன. ரப்பர் விலை வீழ்ந்ததும் 1930-இல் மலாயாவுக்கான உதவிக் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். போனவர் திரும்பினார், போக நினைத்தவர் முடங்கினார். ஒரே வயலில் கைகள் பெருகின. பேரம் பேசும் வலு யாருக்குக் கூடியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பின்புலத்தில்தான் மாஞ்சோலையைப் பார்க்கவேண்டும். வால் தெரு சரிவதற்கு எட்டு மாதங்கள் முன்பு, 1929 பிப்ரவரியில், சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கரை பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மலையை வெட்டித் தேயிலை நட்ட ஆண்டுகளும் சமவெளியில் பிழைப்பு சுருங்கிய ஆண்டுகளும் ஒன்றே. கங்காணிகள் நெல்லைச் சீமையின் ஊர்களிலிருந்து ஆள் சேர்த்தனர்; ஏறியவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். மிராசுதாரின் மனையிலிருந்து கம்பெனியின் லயத்துக்கு அவர்கள் மாறினர். வேலை போனால் வீடும் போகும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

அரசியல் களத்தில் என்ன நடந்தது? 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு 30 இடங்களை ஒதுக்கியது. எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் ஒப்பமிட்டனர். ஆனால் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றோடு கட்டப்பட்டிருந்தது. 30 உறுப்பினர்கள் சபைக்குச் செல்லலாம். அவர்களைப் போன்றோரில் மிகப் பெரும்பாலோர் 1937 தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆகவே கடன் நிவாரணம் வாக்குள்ளவரின் கோரிக்கையாக எழுந்தது. கூலி நிர்ணயம் எழவில்லை. 1939-இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த அதே அமைச்சரவை, வயல் கூலிக்கு ஒரு சட்டமும் இயற்றவில்லை. பண்ணையாளுக்கான பாதுகாப்பு 1952-இல் அவசரச் சட்டமாக வந்தபோதும் அது தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டுமே. அங்கே செங்கொடிச் சங்கங்கள் வலுவாக இருந்தன. இராஜாஜியின் அரசு அதற்கே பதில் சொன்னது. தாமிரபரணிக் கரைக்கு அது பொருந்தவில்லை.

ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதாயிற்று, குத்தகை தொடர்ந்தது. கூலி உயர்வு கேட்டுச் சிறைசென்ற மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23-இல் நெல்லை ஆட்சியரகம் நோக்கிச் சென்ற பேரணியைக் காவல்துறை தடியடியால் கலைத்தது. 17 பேர் இறந்தனர், பலர் ஆற்றிலேயே. 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வை அறிவித்து லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது, மூன்று நான்கு தலைமுறையாக மலையில் உழைத்த குடும்பங்களிடம் ஒரு சென்ட் நிலத்துக்கும் பட்டா இல்லை. 1929-இல் எழுதப்பட்ட அந்தக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது.