கை மாறும் மின்சாரக் கார்: கேட்டு வாங்குங்கள், எழுதி வாங்குங்கள்

புது மின்சாரக் காருக்குக் கை எட்டாதவர்கள் பழசைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் நம் தமிழ்க் குடும்பங்களில்கூட இந்தப் பேச்சு அடிபடுகிறது. 2020-ல் சந்தைக்கு வந்த டாடா நெக்ஸானும் எம்.ஜி. இசட்.எஸ்.-ஸும், பிறகு வந்த டிகோர், டியாகோ மின்கார்களும் இப்போது இரண்டாம் கைக்கு வருகின்றன. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பெட்ரோல் வண்டிக்குச் செய்வதுபோல் பானட்டைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்டு விலை பேச முடியாது. இங்கே கேட்க எஞ்சினே இல்லை.

முதலில் டயரைப் பாருங்கள். பேட்டரியின் எடையால் மின்கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமானது. மிதித்த கணத்திலேயே மோட்டாரின் முழு இழுவிசையும் சக்கரத்துக்கு வந்துவிடும். காலை எடுத்தால் அதே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி மின்சாரம் ஆக்கும். மேலே சொன்ன நான்கு கார்களிலும் மோட்டார் முன்சக்கரங்களைத்தான் இயக்குகிறது. அதனால் இழுப்பு, பிடிப்பு இரண்டையும் முன் டயர்களே தாங்குகின்றன. அவைதான் முதலில் தேய்கின்றன. பிரேக் கட்டைகள் நீடித்து வரும், டயர் வராது.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, குனிந்து முன் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் வெளி ஓரத்தில் பட்டன் நன்றாக இருக்கும். உள் ஓரம் மொட்டையாகியிருக்கும். வீல் அலைன்மென்ட் கெட்டு ஓடிய வண்டி அது. காருக்குச் சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். ஜூன் மழையில் கொச்சி ரோட்டில் ஓட்ட வேண்டிய வண்டிக்கு அந்த மட்டம்வரை காத்திருக்கவே கூடாது என்பேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கார் 2020-ல் வந்தது, ஓடியது 20,000 கிலோமீட்டர்தான் என்று மீட்டர் சொல்கிறது, நான்கு டயரும் 2023-ல் செய்தவை. அப்படியானால் முதல் டயர்கள் எங்கே போயின? பஞ்சர், விபத்து என்று நியாயமான காரணம் இருக்கலாம். மீட்டரைப் பின்னால் திருப்பியிருக்கவும் கூடும். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மாற்றிய டயரின் சுமை எண், கதவோரத்திலோ கையேட்டிலோ சொன்ன எண்ணுக்குக் குறைவாக இருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

அடுத்தது பேட்டரி. திரையில் காட்டும் "மீதி தூரம்" முன்பு ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. அதை நம்ப வேண்டாம். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். கூடவே நீங்களே ஒன்று செய்யலாம். முந்தின நாள் முழுதாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லி, 20 சதவீதம் வரும்வரை ஓட்டி, பொதுச் சார்ஜரில் 80 வரை ஏற்றுங்கள். பழைய நெக்ஸானின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். அதில் 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 18 யூனிட். ஏற்றும்போது கொஞ்சம் வீணாவதால் பில்லில் அதைவிடச் சற்றுக் கூடலாம். பில் 14 யூனிட்தான் காட்டுகிறதென்றால் பேட்டரியில் கால் பங்கு போய்விட்டது என்று சந்தேகிக்க இடமுண்டு.

பேட்டரி வாரண்டி பல கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2020 காருக்கு அது 2028-ல் முடிகிறது. இப்போது விளம்பரமாகும் "ஆயுள் வாரண்டி" பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. எம்.ஜி. வின்ட்சர் 2024-ல் வந்தபோது பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் உடன் வந்தது. அப்படி வாங்கிய காரென்றால் பேட்டரிக்கான பாக்கி யார் தலையில் என்பதைக் காகிதத்தில் பாருங்கள்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு: ஓதம். காயலோரத் தெருக்களில் ஏறுவது உப்புத் தண்ணீர். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்று சொல்வது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் சோதனை. அதுவும் நல்ல தண்ணீரில் செய்வது. 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கடல்நீரில் மூழ்கிய மின்கார்களில் சில, நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தீப்பிடித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்ததும் நினைவிருக்கட்டும். அங்கிருந்து மலிவாக வரும் வண்டியில் சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்துக் கறை பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேளுங்கள். அங்கிருந்து வரும் வண்டிக்கு வரியும் உண்டு. தமிழ்நாடு மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கு தந்தது, கேரளம் வரி வாங்குகிறது. இங்கே பதிவை மாற்றும்போது அது உங்கள் செலவு.

இதையெல்லாம் ஏன் வாய்விட்டுக் கேட்கச் சொல்கிறேன்? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவில் ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் விற்பவர் வாய் திறக்கவில்லை என்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலம் என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் அவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறையை, விற்றவர் சொல்லவில்லை என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்கிறது 19-வது பிரிவு. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பிலாவது கேளுங்கள்: வண்டி தண்ணீரில் மூழ்கியதா, பேட்டரி மாற்றியதா, மீட்டர் சரியா, மறுக்காவிட்டால் குறையில்லை என்றே கொள்வேன். பதிலை அழிக்காதீர்கள்.

பெயர் மாற்றத்தில் ஏமாறுபவர் விற்பவர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30. வாங்கியவர் இன்சூரன்ஸையும் 14 நாளில் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

டீலர் வழியாக விற்கிறீர்களா? 2023 ஏப்ரல் முதல் பதிவுபெற்ற டீலரிடம் படிவம் 29சி மூலம் ஒப்படைத்தால், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கேட்பவரிடம் சாவி கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால், தனி ஆளிடம் வாங்கியவர் இழப்பீட்டுக்குச் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். டீலரோ நிறுவனமோ என்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விற்ற நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர் எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.