உப்புநீரைச் சிவக்கச் செய்யும் உயிர்கள்

உப்பிட்ட பண்டம் கெடாது என்பது நம் வீடுகளில் வழிவழி வந்த நம்பிக்கை. ஆயினும், நன்றாக உப்பிட்டு உலர்த்திய கருவாட்டின்மேல் மழைக்காலத்திற் சில வேளை செம்மை படர்ந்து துர்நாற்றம் வீசக் காண்கிறோம். காவலாக நின்ற உப்பையே மீறி வந்தது எது? அது உப்போடு கூடவே வந்தது என்பதே விடை.

ஆனையிறவை எண்ணிப் பார்ப்போம். குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தில், போரினால் நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த உப்பளம் மீண்டும் உப்பு விளைவிக்கிறது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதமே. பாத்திக்குப் பாத்தி வெயிலில் வற்றி, உப்புப் படியுந் தறுவாயில் அது 25 சதவீதத்தையுந் தாண்டிவிடும். வெயிலில் உப்பு விளைவிக்குங் களங்களில் நீர் செந்நிறங் கொள்வது இக்கட்டத்திலேதான். ஒரு பாசியினமும் அதற்குக் காரணமாயினும், பெரும்பங்கு ‘ஹலோபற்றீரியம்’ முதலிய நுண்ணங்கிகளுக்கே உரியது. செந்நீர் வெயிலை மிகுதியாக உறிஞ்சுவதால் நீர் விரைந்து வற்றுகிறது; உப்பு விளைவிப்போர்க்கு இது கூலியில்லா உதவி எனலாம்.

ஏனைய உயிர்கள் கடும் உப்பிற் பட்டால் உடல்நீரை இழந்து மடியும். இவையோ பொட்டாசியம் உப்பைத் தம் கலத்தினுள் நிறைத்து, வெளியிலுள்ள உப்புக்கு ஈடுகொடுக்கின்றன. நம் தாகந் தணிக்குங் கிணற்றுநீரில் இட்டாலோ, கலம் வெடித்து மாய்கின்றன! இவற்றுட் சில, பச்சையம் இன்றியே ஊதாநிறப் புரதம் ஒன்றினால் சூரிய ஒளியைச் சக்தியாக்கும் விந்தை 1970-களின் முற்பகுதியில் வெளிவந்தது. உப்புப் பளிங்கினுள் அகப்பட்ட நீர்த்துளியிலும் இவை உயிர்வாழும். அவ்வுப்பே கருவாட்டுக்கு இடப்படுகிறது. ஈரமும் வெப்பமுங் கூடினால் பெருகிவிடுகின்றன. ஆர்க்கியா எதுவும் நோய் விளைப்பதாக ஐயமற நிறுவப்படவில்லை. எனினும் சிவந்த கருவாடு சரிவரப் பேணப்படாத கருவாடாதலின், அதைச் சமையலுக்கு எடாமல் விடுவதே நன்று.

ஆர்க்கியா என்றோமே, அது யாது? ஹலோபற்றீரியம் என்றால் உப்புப் பற்றீரியம் என்று பொருள். பெயர் அவ்வாறிருப்பினும் அது பற்றீரியம் அன்று. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்துக் கார்ல் வோஸ் தோற்றத்தை நம்பவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிய கதை நாம் அறிந்ததே. பெயர்த்தெழுதுகையிற் புகுந்த வேறுபாடுகளைக் கொண்டு எந்த ஏடு எதன் வழிவந்தது என்று உய்த்துணரலாம். எல்லா உயிர்க்கலங்களிலும் புரதம் ஆக்கும் றைபோசோமின் ஆர்.என்.ஏ.யை வோஸ் அத்தகைய சுவடியாகக் கொண்டார். மாட்டின் வயிற்றிலும் வயற்சேற்றிலும் மெதேன் வாயுவை ஆக்கும் நுண்ணங்கிகள் பற்றீரியாவின் வழிவந்தவை அல்ல என்று 1977-இல் அவரும் ஜோர்ஜ் பொக்சும் எழுதினர். உப்பு விரும்பிகளும் அக்குலத்தவையே என்பது விரைவிற் புலனாயிற்று. அவற்றின் கலமென்சவ்வுக் கொழுப்பும் வேறு. பற்றீரியாவின் கலச்சுவருக்குரிய சிறப்புப் பொருளும் அவற்றில் இல்லை.

அறிஞர் பலர் இதை எளிதில் ஒப்பவில்லை. 1990-இல் வோஸ், கண்ட்லர், வீலிஸ் ஆகிய மூவரும் உயிர்களைப் பற்றீரியா, ஆர்க்கியா, யூக்கேரியா என மூன்று பேரிராச்சியங்களாக வகுத்தனர். மாணவர்கள் பாடநூலிற் படிப்பது இதுவே. நாமும் பனையும் மீனும் காளானும் மூன்றாவதைச் சேர்ந்தோம்.

ஆனால் வழக்கு முடிந்தபாடில்லை. 2015-இல், ஆட்டிக் நடுக்கடலின் அடிச்சேற்றிலிருந்து பெற்ற மரபுப்பொருளை ஆராய்ந்தோர், அதுவரை அறியப்படாத ஆர்க்கியாக் குலம் ஒன்றைக் கண்டனர். நம் போன்ற உயிர்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட புரதங்கள் சிலவற்றின் குறிப்பு அதிலே இருந்தது. ஆதலின் யூக்கேரியா ஆர்க்கியாவினுள்ளிருந்தே கிளைத்தது என்றும், பேரிராச்சியங்கள் இரண்டே என்றும் இன்று பலர் வாதிக்கின்றனர். அவ்வாறாயின், ஆனையிறவுப் பாத்தியிற் செந்நிறம் பூசும் அந்நுண்ணங்கி, நம் குடலில் வாழும் பற்றீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவு முறையாகிறது.